பதிலாள் குண்டு: ஒரு சொல்லின் வரலாறும் நம் மனச்சான்றும்

‘பிராக்சி’ என்னும் ஆங்கிலச் சொல் நமக்குப் புதியதன்று. கல்லூரி வகுப்பில், வராத தோழனுக்காக மற்றொருவன் ‘உள்ளேன் ஐயா’ என்று குரல் கொடுப்பதை மாணவர்கள் அப்பெயரால்தான் அழைக்கிறார்கள். நிறுவனங்களின் பொதுக்கூட்டத்திற்கு நேரில் செல்ல இயலாத பங்குதாரர், தமக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பும் படிவத்திற்கும் அதுவே பெயர். 2003-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டுப் படைவீரர்கள் தாம் நியமிக்கும் ஒருவர் வழியாக வாக்களிக்கலாம். அதுவும் பிராக்சி வாக்குதான். தம்மால் வர இயலாத இடத்திற்குத் தம் நம்பிக்கைக்குரிய ஒருவரை அனுப்பும் இவ்வேற்பாடு மனித வாழ்வுக்கு இன்றியமையாதது. ஒருவரை ஒருவர் நம்பியே நாம் வாழ்கிறோம் என்பதற்கு இச்சொல் ஒரு சான்று.

ஆனால் இதே சொல், சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில், வட அயர்லாந்துச் செய்தித்தாள்களில் வேறொரு சொல்லோடு சேர்த்து எழுதப்பட்டது. ‘பிராக்சி பாம்’ என்பது அத்தொடர். தமிழில் ‘பதிலாள் குண்டு’ என்று சொல்லிப் பார்க்கலாம். பயங்கரவாதம் பற்றிய செய்திகளுக்கு வெளியே இத்தொடரைக் காண்பது அரிது. ஆங்கிலம் நன்கு கற்றவர்களிலும் பலர் இதைக் கேள்வியுற்றிருக்க மாட்டார்கள். அரிய சொல்லாக இருப்பினும் அது குறிக்கும் செயல் நம் மனச்சான்றை விட்டு எளிதில் அகலாதது. ஆகவே அச்சொல்லின் பொருளையும் வரலாற்றையும் சற்றே ஆராய்ந்து பார்ப்போம்.

சொல்லின் வேர்

பிராக்சி என்பது ‘புரொக்கியூரசி’ என்ற நீண்ட சொல், பேச்சு வழக்கில் தேய்ந்து உருவான வடிவம். அதன் தாய் இலத்தீன் மொழி. ‘புரோ’ என்றால் சார்பாக அல்லது பொருட்டு. ‘கூரா’ என்றால் பேணுதல், அக்கறை, கவனிப்பு. பிறர் பொருட்டு அக்கறை கொண்டு ஒரு காரியத்தைப் பேணிச் செய்பவரே ‘புரொக்குராத்தோர்’. நம் ஆயர் இல்லங்களில் நிதியையும் சொத்துக்களையும் பேணும் குருவானவரைப் ‘புரொக்குரேட்டர்’ என்று அழைப்பதை வாசகர்கள் அறிவர். பிரெஞ்சு நாட்டுப் பங்குக்குருவைக் ‘குயூரே’ என்று மக்கள் அழைப்பதும் அதே ‘கூரா’ என்ற வேரிலிருந்துதான். ஆன்மாக்களைப் பேணுபவர் என்பது அதன் உட்பொருள். ஆக, பிராக்சி என்ற சொல்லின் உள்ளே ‘அக்கறை’ என்ற பண்பு உறைந்து கிடக்கிறது.

திருச்சபைச் சட்டமும் பதிலாள் என்னும் நிலையை நன்கு அறியும். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1105-ஆம் விதி, மணமகனோ மணமகளோ நேரில் வர இயலாதபோது பதிலாள் வழியாகத் திருமணம் செய்துகொள்வதற்கு இடமளிக்கிறது. ஆனால் அதற்குரிய நிபந்தனைகள் கடுமையானவை. குறிப்பிட்ட ஒருவரை மணப்பதற்கென்றே தனி அதிகாரம் தரப்பட்டிருக்க வேண்டும். அந்தப் பதிலாளை, அவரை அனுப்புபவரே நியமிக்க வேண்டும். பதிலாளும் தம் பணியைத் தாமே செய்ய வேண்டும், வேறொருவரை அனுப்பக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, திருமணம் நிகழும் முன்னரே அனுப்பியவர் தம் மனத்தை மாற்றி அதிகாரத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டால், அச்செய்தி பதிலாளுக்கு எட்டாமற் போயிருந்தாலும், அத்திருமணம் செல்லாது. எங்கோ தொலைவிலிருக்கும் ஒருவருடைய உள்ளத்தின் இசைவு மறைந்த கணத்தில், பீடத்தின் முன் சொல்லப்படும் வார்த்தையும் வலுவிழந்து போகிறது.

இதனோடு இன்னும் இரண்டு விதிகளைச் சேர்த்து நோக்க வேண்டும். வன்முறையாலோ பெரும் அச்சத்தாலோ ஒருவர் மீது சுமத்தப்பட்ட திருமணம் செல்லாது என்கிறது 1103-ஆம் விதி. எவ்வகையிலும் எதிர்க்க இயலாதபடி வெளியிலிருந்து வரும் வன்முறையால் ஒருவர் செய்த செயல், செய்யப்படாத செயலாகவே கருதப்படும் என்கிறது 125-ஆம் விதி. இசைவு இல்லாத இடத்தில் பதிலாளும் இல்லை, செயலும் இல்லை என்பதே திருச்சபையின் பழுத்த சட்ட அறிவு நமக்குத் தரும் பாடம். இதை நெஞ்சில் இருத்திக்கொண்டு வட அயர்லாந்துக்குச் செல்வோம்.

சொல் பிறந்த களம்

1960-களின் இறுதியில் தொடங்கி 1998-ஆம் ஆண்டு உடன்படிக்கை வரை நீடித்த வட அயர்லாந்துப் பூசலில் 3,500-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பிரித்தானியாவுடன் இணைந்திருக்க விரும்பியவர் பெரும்பாலும் புரொட்டஸ்தாந்து மக்கள். அயர்லாந்துக் குடியரசோடு சேர விரும்பியவர் பெரும்பாலும் கத்தோலிக்கர். வேலையிலும் வீட்டுவசதியிலும் வாக்குரிமையிலும் கத்தோலிக்கர் நெடுங்காலம் புறக்கணிக்கப்பட்டிருந்தனர் என்பது மறுக்கவியலாத உண்மை. அந்த நியாயமான மனக்குறையின் மேல்தான் ஐ.ஆர்.ஏ. எனப்பட்ட ஐரிஷ் குடியரசுப் படை தன் ஆயுதப் போராட்டத்தை எழுப்பியது.

1970-களில் அவ்வியக்கம் ஒரு புதிய முறையைக் கையாளத் தொடங்கியது. படைமுகாம்களையும் காவல் நிலையங்களையும் குண்டு நிரப்பிய வண்டியோடு நெருங்குவது போராளிகளுக்கு ஆபத்தாக இருந்தது. எனவே வழியில் செல்லும் யாரோ ஒரு வாகன ஓட்டியை மறித்து, துப்பாக்கியைக் காட்டி, குண்டு வைத்த வண்டியை இலக்கு வரை ஓட்டிச் செல்லும்படி கட்டாயப்படுத்தினர். சில வேளைகளில் அவருடைய வீட்டாரைப் பிணையாகப் பிடித்து வைத்துக்கொண்டனர். ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டு ஓடித் தப்புவதற்கும், கூச்சலிட்டு எச்சரிப்பதற்கும் பெரும்பாலும் அவகாசம் இருந்தது. செய்தியாளர்கள் இதற்குத்தான் ‘பதிலாள் குண்டு’ என்று பெயரிட்டனர். குண்டு வைத்தவன் ஒருவன். அதைக் கொண்டு சென்றவர் வேறொருவர் என்பதைச் சுருங்கச் சொல்ல அத்தொடர் பயன்பட்டது. கொடுமையே எனினும், அந்த ஓட்டுநர் உயிரோடு வீடு திரும்பக்கூடும் என்ற ஓர் எல்லைக்கோடு அதுவரை இருந்தது. 1990-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள் அதிகாலையில் அக்கோடு அழிக்கப்பட்டது.

ஓர் அதிகாலை

டெரி, கத்தோலிக்கர் பெரும்பான்மையினராக வாழும் பழம்பெரும் நகரம். புனித கொலும்பா அங்கே ஒரு துறவு மடத்தை நிறுவினார் என்பது மரபு. அந்நகரில் பாட்சி கில்லெஸ்பி என்ற 42 வயதுக் கத்தோலிக்கர் வாழ்ந்துவந்தார். மனைவி, மக்களோடு வாழ்ந்த எளிய குடும்பத் தலைவர். நகரிலிருந்த பிரித்தானியப் படைமுகாம் ஒன்றின் சமையற்கூடத்தில் அவருக்கு வேலை. வேலை அரிதாக இருந்த ஊரில் அவருக்குக் கிடைத்த வேலை அது. ஆனால் படைகளுக்குப் பொருள் வழங்குவோரும் பணிபுரிவோரும் ‘தாக்குதற்குரிய இலக்குகள்’ என்று ஐ.ஆர்.ஏ. 1980-களின் நடுவிலேயே எச்சரித்திருந்தது. முன்னரும் ஒருமுறை அவரை மிரட்டி முகாமுக்குள் குண்டு ஒன்றைக் கொண்டுசெல்ல வைத்திருந்தனர். அன்று அவர் தப்பிப் பிழைத்தார்.

இம்முறை முகமூடி அணிந்தோர் நள்ளிரவையொட்டி அவர் வீட்டுக்குள் புகுந்தனர். குடும்பத்தைத் துப்பாக்கி முனையில் நிறுத்திவிட்டு அவரை எல்லைக்கு அப்பால் அழைத்துச் சென்றனர். அங்கே ஏறத்தாழ 450 கிலோ வெடிமருந்து ஏற்றப்பட்ட வேன் ஒன்று நின்றது. அவரை அதன் இருக்கையோடு பிணைத்து, நகருக்கு வெளியே கோஷ்குவின் என்ற இடத்திலிருந்த படைச் சோதனைச் சாவடிக்கு ஓட்டிச் செல்லப் பணித்தனர். அவர் மறுத்தால் வீட்டிலிருப்போர் உயிர் பிழைக்க மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். வேறொரு வண்டியில் அவரைப் பின்தொடர்ந்தும் சென்றனர். காலை 4 மணியளவில் வேன் சாவடியை அடைந்தது. கதவைத் திறந்தால் எரியும் சிறு விளக்கோடு வெடிப்பொறி இணைக்கப்பட்டிருந்தது என்றும், அவர் வெளியேறி வீரர்களை எச்சரிக்க முயன்றபோது குண்டு வெடித்தது என்றும் கூறப்படுகிறது. கில்லெஸ்பியும் ஐந்து படைவீரர்களும் அங்கேயே மாண்டனர்.

அதே அதிகாலையில் நியூரி நகருக்கு அருகே குளொகோக் என்ற சாவடிக்கும், ஓமா நகரிலிருந்த படைமுகாமுக்கும் இவ்வாறே இருவர் அனுப்பப்பட்டனர். ஓமாவில் குண்டு முழுமையாக வெடிக்கவில்லை, ஓட்டியவர் பிழைத்தார். குளொகோக்குக்கு அனுப்பப்பட்டவர் அறுபது வயதைக் கடந்த ஒரு முதியவர். அவருடைய எரிபொருள் நிலையத்தில் காவலர்களுக்கு எரிபொருள் விற்றார் என்பது அவர் மேல் சாட்டப்பட்ட குற்றம். அங்கே ஓர் இளம் படைவீரர், தப்பியோடாமல் தம் தோழர்களை எச்சரிக்க முற்பட்டபோது உயிரிழந்தார். அவரும் ஒரு கத்தோலிக்கரே. வீரச் செயலுக்கான பதக்கம் அவருடைய இறப்புக்குப் பின் வழங்கப்பட்டது. ஒரே காலைப் பொழுதில் ஏழு உயிர்கள் போயின.

சொல் மறைப்பதும் காட்டுவதும்

மறுநாள் செய்தித்தாள்களில் அந்தப் பழைய தொடரே வந்தது: பதிலாள் குண்டு. ஆனால் அதன் பொருள் ஒரே இரவில் மாறிப்போயிருந்தது. முன்பு அத்தொடரில் ‘பதிலாள்’ என்பது ஓட்டுநரைக் குறித்தது. ‘குண்டு’ என்பது அவர் கொண்டுசென்ற சுமையைக் குறித்தது. இப்போது இரண்டுக்கும் இடையே வேறுபாடு இல்லை. கொண்டுசெல்பவரும் குண்டின் ஓர் உறுப்பாக்கப்பட்டார். சில செய்தியாளர்கள் ‘மனித குண்டு’ என்று எழுதியதற்கு இதுவே காரணம்.

நம் மொழியிலும் ‘மனித வெடிகுண்டு’ என்ற தொடர் உண்டு. 1991-ஆம் ஆண்டு மே 21-ஆம் நாள் திருப்பெரும்புதூரில் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பின்னர் அது தமிழகத்தில் சிற்றூர் வரை பரவியது. ஆனால் நாம் அத்தொடரால் குறிப்பது, தானே முன்வந்து தன்னையும் மாய்த்துப் பிறரையும் மாய்ப்பவரை. கில்லெஸ்பி அவ்வாறானவர் அல்லர். கொல்லவும் அவர் விரும்பவில்லை, சாகவும் விரும்பவில்லை. ஆகவே இவ்விரண்டையும் ஒரே பெயரால் அழைப்பது இறந்தவருக்கு நாம் இழைக்கும் அநீதி. தமிழில் இச்செய்தியை எழுத நேர்ந்தால் ‘மனித வெடிகுண்டு’ என்று எழுதாமல், ‘பிணையாக்கப்பட்ட ஓட்டுநர் வழி அனுப்பிய குண்டு’ என்று நீட்டியேனும் எழுதுவதே நேர்மை. சொல்லைச் சுருக்குவதற்காக ஒரு மனிதரின் இசைவின்மையைச் சுருக்கிவிடக் கூடாது.

‘பதிலாள் குண்டு’ என்ற தொடரிலும் குறை உண்டு. பதிலாள் என்றால் அனுப்பியவர் ஒருவர் இருக்க வேண்டும்; ஏற்றுக்கொண்டவர் ஒருவர் இருக்க வேண்டும். இங்கே அனுப்பியவர் முகமூடிக்குள் மறைந்துகொண்டார்; அனுப்பப்பட்டவரோ எதையும் ஏற்கவில்லை. ‘புரோ கூரா’ என்ற இலத்தீன் சொற்களில் ‘பொருட்டு’ மட்டும் எஞ்சியது. ‘அக்கறை’ அடியோடு போயிற்று. ஆயினும் இத்தொடர் ஓர் உண்மையை அதை ஆக்கியவர்கள் எண்ணாமலேயே காட்டிக்கொடுக்கிறது. பதிலாள் செய்யும் செயல், சட்டத்தின் கண்ணில், அனுப்பியவருடைய செயலே. அப்படியானால் கோஷ்குவின் சாவடியில் கொன்றவர்கள் யார் என்ற கேள்விக்கு அச்சொல்லே விடை தருகிறது. வேனை ஓட்டிய கை கில்லெஸ்பியுடையது, செயல் அவருடையதன்று.

ஆயரின் குரல்

கில்லெஸ்பியின் இறுதிச் சடங்கில் டெரி மறைமாவட்ட ஆயர் எட்வர்ட் டேலி பேசினார். இச்செயலைச் செய்தோர் தம்மைக் கிறிஸ்துவைப் பின்பற்றுவோர் என்று சொல்லிக்கொள்ளலாம், கோவிலுக்கும் வரலாம், ஆனால் அவர்களுடைய செயல்கள் அவர்கள் சாத்தானைப் பின்பற்றுவதையே அறிவிக்கின்றன என்று அவர் வெளிப்படையாகக் கூறினார். கிறிஸ்தவத்திற்கு முற்றிலும் முரணானது இது என்பது அவர் தீர்ப்பு.

இவ்வாயர் யார் என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். 1972-ஆம் ஆண்டு சனவரி 30-ஆம் நாள், பின்னர் ‘குருதி ஞாயிறு’ எனப் பெயர் பெற்ற அந்நாளில், பிரித்தானியப் படையினர் டெரி நகரத்தில் உரிமை கேட்டு ஊர்வலம் சென்ற மக்களைச் சுட்டனர். 13 பேர் அன்றே இறந்தனர். காயமுற்றவருள் ஒருவர் பின்னர் இறந்தார். சுடப்பட்ட ஓர் இளைஞனைச் சிலர் தூக்கிவர, அவர்களுக்கு முன்னே குனிந்தபடி இரத்தக்கறை படிந்த வெண்ணிறக் கைக்குட்டையை அசைத்துக்கொண்டு வந்த இளங்குருவின் நிழற்படம் உலகெங்கும் பரவியது. அவர்தான் எட்வர்ட் டேலி. இறந்தவர்கள் குற்றமற்றவர்கள் என்று அன்றே சான்று பகர்ந்தவர். அரசு அதை ஏற்று 2010-ஆம் ஆண்டு சூன் 15-ஆம் நாள் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்க 38 ஆண்டுகள் ஆயின. 1974-இல் ஆயரான அவர், உடல்நலக் குறைவால் 1993-இல் பொறுப்பிலிருந்து விலகினார். அதன்பின் சாவை எதிர்நோக்கியிருக்கும் நோயாளர்களின் இல்லத்தில் ஆன்மப் பணி செய்து, 2016-இல் இறைவனடி சேர்ந்தார்.

படையினரின் குண்டுகளுக்கு முன் தம் மக்களுக்காக நின்ற அதே மனிதரே, தம் மக்களுக்காகப் போராடுவதாகச் சொன்னவர்களின் கொடுமையையும் பெயர் சொல்லிக் கண்டித்தார். எதிரியின் பாவத்தைச் சுட்டுவது எளிது. நம்முடையவர் என்று சொல்லிக்கொள்பவரின் பாவத்தைச் சுட்டுவதற்கு வேறொரு துணிவு வேண்டும். ஓர் ஆயரிடம் மக்கள் எதிர்பார்க்கும் துணிவும் அதுவே.

மறைநூல் காட்டும் கண்ணாடி

தன் கை படாமல் கொல்லும் கலை புதியதன்று. சாமுவேல் இரண்டாம் நூல் அதன் பழைய கதை ஒன்றைச் சொல்கிறது. உரியாவின் மனைவியைக் கவர்ந்த தாவீது அரசர், போர்முனையின் கடுமையான இடத்தில் உரியாவை நிறுத்தி, அவரைத் தனியே விட்டுப் பின்வாங்குமாறு படைத்தலைவர் யோவாபுக்கு மடல் எழுதினார். அம்மடலை உரியாவின் கையிலேயே கொடுத்தனுப்பினார். தன் சாவைத் தானே சுமந்துகொண்டு, அரசர் மீது கொண்ட நம்பிக்கையோடு, உரியா நடந்தார். அம்மோனியர் அவரைக் கொன்றனர். அரசர் அப்போது எருசலேமில் இருந்தார். ஆனால் இறைவாக்கினர் நாத்தான், இடையில் நின்ற யோவாபையோ அம்மோனியரின் வாளையோ ஒரு மறைவாக ஏற்கவில்லை. அம்மோனியரின் வாளால் உரியாவைக் கொன்றவர் தாவீதே என்று அரசரின் முகத்துக்கு நேரே உரைத்தார். கருவி யாருடைய கையிலிருந்தாலும் குற்றம் அனுப்பியவருடையது என்பதே நாத்தான் வழங்கிய தீர்ப்பு.

நற்செய்தியிலும் இருவரைக் காண்கிறோம். வரலாற்று ஆசிரியர் தாசித்துஸ், பிலாத்துவைப் புரொக்குராத்தோர் என்ற பட்டத்தாலேயே குறிப்பிடுகிறார். 1961-இல் செசரியாவில் கிடைத்த கல்வெட்டு அவர் உண்மையில் வகித்த பதவி வேறு என்று காட்டியது. எப்படியாயினும், உரோமைப் பேரரசரின் சார்பாக யூதேயாவைப் பேண வந்த அந்த ஆளுநர், தண்ணீர் எடுத்துத் தம் கைகளைக் கழுவினார். செயலைப் பிறரிடம் ஒப்படைத்தால் குற்றமும் அவர்களோடு போய்விடும் என்று அவர் நம்பினார். கயபாவோ, மக்கள் அனைவருக்காகவும் ஒரு மனிதர் சாவது நலம் என்று கணக்குப் போட்டார். தம் மக்கள் மீது அவருக்கு அக்கறை இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த ‘ஒரு மனிதர்’ தாமாக இருக்கக்கூடும் என்று அவர் ஒருபோதும் எண்ணவில்லை. 1990-ஆம் ஆண்டு அந்த அதிகாலையில் கயபாவின் கணக்குத்தான் மீண்டும் போடப்பட்டது.

சன்னல் வழியே வந்த கிசுகிசு

இவ்வரலாற்றில் நம் நெஞ்சைவிட்டு அகலாத ஒரு சிறு நிகழ்ச்சி உண்டு. குளொகோக்குக்கு அனுப்பப்பட்ட அம்முதியவர் வண்டியை எடுக்கும் தறுவாயில், முகமூடி அணிந்தோரில் ஒருவன் அருகே வந்து, கதவைத் திறக்க வேண்டாம், சன்னல் வழியாக வெளியேறும்படி தாழ்ந்த குரலில் சொன்னான் என்று பதிவாகியுள்ளது. முதியவர் அவ்வாறே செய்தார். கால் முறிந்தது, உயிர் தப்பியது.

அந்த மனிதன் யார், எதனால் அவ்வாறு சொன்னான் என்று நாம் ஊகிக்க வேண்டியதில்லை. துப்பாக்கிகளுக்கும் கட்டளைகளுக்கும் நடுவே, ஒரு கணம், தன் முன்னே அமர்ந்திருப்பது கருவி அன்று, ஒரு கிழவர் என்று அவன் கண்டுகொண்டான்; அவ்வளவு போதும். அவன் அக்குண்டைத் தடுக்கவில்லை. அதனால் ஓர் இளம் வீரர் இறந்தார். அவனைப் புகழ்வதற்கில்லை. ஆயினும் மனச்சான்று என்னும் இறைக்குரலை முகமூடியாலும் முற்றாக அடைக்க முடியாது என்பதற்கு அக்கிசுகிசு சான்று. ‘கூரா’ என்ற அந்தப் பழைய அக்கறை, சொல்லிலிருந்து விரட்டப்பட்ட பின்பும், ஒரு சன்னல் வழியே திரும்பி வந்தது.

கட்டாயமும் தன்னளிப்பும்

கிறிஸ்தவ மறையின் நடுவிலும் ஒரு ‘பதிலாக’ இருக்கிறது என்பதை நாம் மறந்துவிடலாகாது. நமக்குப் பதிலாக, நம் பொருட்டு, ஒருவர் இறந்தார் என்பதே நம் நம்பிக்கை. கயபாவின் சொல்லும் கல்வாரியின் உண்மையும் மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுபோல் தோன்றும். ஆனால் கயபா பிறரைக் கொடுத்தார்; ஆண்டவர் தம்மையே கொடுத்தார். தம் உயிரை எவரும் தம்மிடமிருந்து பறித்துக்கொள்வதில்லை, தாமாகவே கொடுப்பதாக அவர் உரைத்ததை யோவான் நற்செய்தியில் வாசிக்கிறோம். பதிலாளின் இசைவே அனைத்தும் என்ற திருச்சபைச் சட்டத்தின் உணர்வு இங்கிருந்துதான் ஊற்றெடுக்கிறது எனலாம்.

சிலுவைப் பாதையில் கட்டாயப்படுத்தப்பட்ட ஒருவரும் உண்டு. வயலிலிருந்து வந்துகொண்டிருந்த சிரேன் ஊர் சீமோனைப் படைவீரர் பிடித்துச் சிலுவையைச் சுமக்க வைத்தனர். அங்கே மத்தேயு ஆளும் கிரேக்க வினைச்சொல், பாரசீக அஞ்சற்காரர் வழியில் அகப்பட்டவரைக் கட்டாயமாய் வேலை வாங்கிய வழக்கத்தோடு தொடர்புடையது. மலைப்பொழிவில், ஒருவர் உன்னை ஒரு கல் தொலை வரக் கட்டாயப்படுத்தினால் இரு கல் செல் என்று ஆண்டவர் சொல்லும் இடத்திலும் அதே சொல்தான் வருகிறது. கட்டாயப்படுத்தப்படும் எளியோரின் அவலத்தை ஆண்டவர் அறிந்திருந்தார். இரண்டாம் கல்லை மனிதன் தன் உரிமையோடு நடக்கலாம் என்று அவர் வழி காட்டினார். கில்லெஸ்பிக்கு அந்த இரண்டாம் கல் மறுக்கப்பட்டது. எனினும் இறுதிக் கணத்தில் அவர் வீரர்களை எச்சரிக்க முயன்றார் என்றால், தமக்கு எஞ்சியிருந்த அந்தச் சிறு உரிமையைப் பிறர் பொருட்டே செலவிட்டார் என்பது பொருள்.

1941-ஆம் ஆண்டு ஆஷ்விட்ஸ் வதை முகாமில் ஒரு கைதி தப்பிவிட்டதாகக் கருதி, அவருக்குப் பதிலாகப் பத்துப் பேரைப் பட்டினியால் சாகத் தேர்ந்தெடுத்தனர். அவர்களுள் ஒருவர் தம் மனைவி மக்களை நினைத்துக் கதறியபோது, மாக்சிமிலியன் கோல்பே என்ற பிரான்சிஸ்கன் குரு முன்வந்து அவருடைய இடத்தைக் கேட்டுப் பெற்றார். ஆகஸ்டு 14-ஆம் நாள் நச்சு ஊசியால் கொல்லப்பட்டார். 1982-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரைப் புனிதராக அறிவித்தபோது, அவரால் உயிர் பிழைத்தவரும் அங்கே இருந்தார். ஒருவருக்காகப் பத்துப் பேரை நிறுத்திய முகாமின் கணக்குக்கு நடுவே, பிறர் இடத்தில் தம்மை நிறுத்தினார் அக்குரு. பிராக்சி என்ற சொல்லுக்கு அதன் இலத்தீன் பொருளை மீட்டுத் தந்தவர் என்று அவரைச் சொல்லலாம்.

சொல் இன்னும் சாகவில்லை

1990-ஆம் ஆண்டின் அந்நிகழ்ச்சிகள் ஐ.ஆர்.ஏ.வை ஆதரித்த மக்களிடையேயும் பெரும் அருவருப்பை உண்டாக்கின. அடுத்த மாதத்தில் மேற்கொள்ளப்பட்ட மற்றொரு முயற்சியில் குண்டு வெடிக்கவில்லை. ஓட்டுநரைப் பிணைத்து அனுப்பும் முறை பின்னர் கைவிடப்பட்டது. இயக்கத்துக்குள் அரசியல் வழியை நாடியோரின் கை ஓங்க இந்த வெறுப்பும் ஒரு காரணமாயிற்று என்று வரலாற்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். 1994-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் போர் நிறுத்தம் அறிவிக்கப்பட்டது. 1998-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள், பெரிய வெள்ளியன்று, உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஆனால் பிரிந்து சென்ற சிறு குழுக்கள், 2010-ஆம் ஆண்டிலும் வாடகைக் கார் ஓட்டுநர்களை மிரட்டிக் குண்டுகளைக் கொண்டுசெல்ல வைத்தன. செய்தித்தாள்களும் பழைய தொடரைத் தூசி தட்டி எடுத்தன. எனவே அச்சொல்லை அகராதியின் மூலையில் மறந்துவிட இயலாது.

தொலைதூரத் தீவொன்றின் கதை என்று இதை நாம் கடந்துவிடவும் இயலாது. நாம் குண்டு வைப்பவர்கள் அல்லர். ஆயினும் நாம் செய்யக் கூசும் பாவத்தை நமக்குக் கீழிருப்பவர் கையால் செய்விப்பது நம்மிடையே அரிதோ? பொய்க் கணக்கில் எழுத்தரைக் கையெழுத்திட வைக்கும் முதலாளி, இடைத்தரகர் வழியாகக் கையூட்டு அனுப்பிவிட்டு ஞாயிறு திருப்பலிக்குத் தூய கைகளோடு வருபவர், மறுத்தால் வேலை போகும் என்று அஞ்சும் எளியவரிடம் ஆபத்தான பணியை ஒப்படைப்பவர் ஆகிய இவர்கள் எல்லாரும் சிறு அளவில் உரியாவின் கையில் மடல் கொடுப்பவர்களே. நம் பாவசங்கீர்த்தனத்தில் ‘நான் செய்தேன்’ என்பதோடு ‘நான் செய்வித்தேன்’ என்பதையும் சேர்த்து ஆராய்ந்து பார்ப்பது நலம்.

கோஷ்குவினில் இறந்த அந்தச் சமையற்காரருக்காகவும், அவரோடு இறந்த இளைஞர்களுக்காகவும், அவர்களை இழந்து வாழ்ந்த குடும்பங்களுக்காகவும் நாம் மன்றாடுவோம். முகமூடிக்குள் இருந்த அந்த ஒருவன் அன்று பாதி வழி வந்த மனமாற்றத்தை முழுவதும் நடந்து முடிக்கும் வரம் பெற வேண்டும் என்றும் சேர்த்து மன்றாடுவோம்.